மூன்று மணிக்குத் தொடங்கும் மன்றம்: மில்ஃபோர்டு பள்ளி வழக்கு

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஓட்ஸீகோ கவுன்டியைச் சேர்ந்த மில்ஃபோர்டு என்ற சிற்றூரில், 1996 செப்டம்பரில் ஒரு தம்பதியர் உள்ளூர் அரசுப் பள்ளியின் கண்காணிப்பாளரிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தனர். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகத் தாங்கள் நடத்திவரும் குட் நியூஸ் கிளப் என்ற கிறிஸ்தவச் சிறுவர் மன்றம், வாரம் ஒருமுறை, பள்ளி விட்டபின், பள்ளியின் உணவுக்கூடத்தில் கூடுவதற்கு அனுமதி வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. பாட்டுப் பாடி, வேதாகமப் பாடம் கேட்டு, வசனங்களை மனப்பாடம் செய்யும் ஒரு குதூகலமான நேரம் என்று அந்த விண்ணப்பம் கூட்டத்தை விவரித்தது. இது மத ஆராதனைக்கு ஒப்பானது என்று சொல்லிக் கண்காணிப்பாளர் மறுத்தார்; 1997 பிப்ரவரியில் பள்ளி வாரியமும் தீர்மானம் போட்டு அதையே உறுதி செய்தது. அடுத்த மாதமே மன்றம் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 2001 ஜூன் 11 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் மன்றத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

பேச்சுரிமை வழக்கு என்ற வகையிலேயே இது பெரும்பாலும் படிக்கப்படுகிறது. அப்படிப் படிப்பதில் தவறில்லை. ஆனால் பாட்டும் விளையாட்டும் மிட்டாயும் நிறைந்த ஒரு மணி நேரத்தை வழிபாடு என்பதா, பாடம் என்பதா, பொழுதுபோக்கு என்பதா என்ற கேள்விதான் வழக்கின் அடியில் கிடந்தது. ஒன்பது நீதிபதிகளும் அதைச் சுற்றி வந்தார்களே தவிர, அதற்குள் இறங்கவில்லை என்பது என் கணிப்பு.

பள்ளியின் விதி

மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நடத்தும் மில்ஃபோர்டு பள்ளி, பள்ளி நேரத்துக்கு வெளியே கட்டடத்தை ஊரார் பயன்படுத்துவதற்காக, மாநிலக் கல்விச் சட்டத்தின் வழியில் 1992இல் ஒரு கொள்கை வகுத்திருந்தது. கல்வி, கலை ஆகியவற்றின் எந்தப் பிரிவிலும் போதனை நடத்தலாம். சமூக, பொழுதுபோக்குக் கூட்டங்களும் ஊர்நலன் சார்ந்த பிற கூட்டங்களும், எல்லோருக்கும் திறந்தவையாக இருந்தால், நடத்தலாம். ஆனால் மத நோக்கத்துக்காக யாரும் கட்டடத்தைப் பயன்படுத்தக் கூடாது. இந்தக் கொள்கையின்கீழ் ஆண் சாரணர், பெண் சாரணியர், 4-ஹெச் என்ற இளையோர் மன்றம் ஆகிய அமைப்புகள் ஏற்கெனவே அங்கே கூடிக்கொண்டிருந்தன. ஈசாப்பின் கதைகளைக் கொண்டு பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பிக்க ஒருவர் முன்வந்தால் அதற்குத் தடையில்லை என்று பள்ளியே ஒப்புக்கொண்டிருந்தது. வழக்கில் பள்ளிக்குப் பெரிய பாதகமாக முடிந்தது இந்த ஒப்புதல்தான். கதை சொல்லி ஒழுக்கம் கற்பிக்கலாம் என்றால், அந்தக் கதை வேதாகமத்திலிருந்து வரும்போது மட்டும் கதவை மூடுவது எப்படி நியாயமாகும் என்ற கேள்விக்கு இடம் பிறந்துவிட்டது.

அறைக்குள் நடந்தது

மன்றத்தைத் தடுக்கக் கூடாது என்று பள்ளிக்கு எதிராக 1997 ஏப்ரலில் கிடைத்த இடைக்காலத் தடையாணையின் பலத்தில், 1998 ஜூன் வரை மன்றம் பள்ளிக்குள்ளேயே கூடிவந்தது. அதனால் கூட்டங்களில் என்ன நடந்தது என்பது வழக்கின் ஆவணங்களில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. முதலில் வருகைப் பதிவு. பெயர் கூப்பிட்டதும் மனன வசனத்தைச் சொல்லும் பிள்ளைக்கு ஒரு தின்பண்டம். பிறகு பாடல்கள். அதன்பின் விளையாட்டுகள், அவற்றிலும் வசனம் கற்பது கலந்திருக்கும். பிறகு ஒரு வேதாகமக் கதையும், அது பிள்ளைகளின் வாழ்வுக்கு எப்படிப் பொருந்துகிறது என்ற விளக்கமும். ஜெபத்தோடு கூட்டம் முடிந்தபின், மறுபடியும் தின்பண்டமும், அடுத்த வாரம் ஒப்பிக்க வேண்டிய வசனமும். ஞாயிறு பள்ளியிலோ, கோடையில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) வகுப்பிலோ உட்கார்ந்திருந்த தமிழ்க் கிறிஸ்தவர் எவருக்கும் இந்த வரிசை புதிதாக இராது.

இது மில்ஃபோர்டுத் தம்பதியர் தாமாகக் கண்டுபிடித்த முறையும் அன்று. இத்தகைய மன்றங்கள், ஜெஸ்ஸி இர்வின் ஓவர்ஹோல்ட்சர் 1937இல் தொடங்கிய சைல்டு எவாஞ்சலிசம் ஃபெலோஷிப் என்ற அமைப்பின் குடைக்கீழ் நடப்பவை. சிறுவரைத் தனியாகக் கருதி அவர்களுக்கென்றே நற்செய்திப் பணி செய்யும் மரபு அதற்கும் மூத்தது. ஜோசையா ஸ்பியர்ஸ் 1868இல் வேல்ஸின் லாண்டட்னோ கடற்கரையில் பிள்ளைகளைக் கூட்டி, மணலில் வசனம் எழுதச் செய்து பிரசங்கித்தார். அதற்கு இரண்டாண்டு முன்பு, 1866இல், லண்டனில் சார்லஸ் ஸ்பர்ஜன் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று வண்ணங்களை மட்டும் கொண்டு பாவத்தையும் மீட்பையும் விளக்கியிருந்தார். பிற்பாடு அதில் பொன்னிறமும் பச்சையும் சேர்ந்து, எழுத்தே இல்லாத வண்ணப் புத்தகமாகச் சிறுவர் ஊழியத்தின் நிலையான கருவியாயிற்று. எழுத்து தேவைப்படாத ஒன்றை எழுத்து கற்காத பிள்ளைக்குப் பயன்படுத்துவது எளிதாகவே வந்தது. திருநெல்வேலிச் சீமைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு: 1895இல் இந்தியா வந்து டோனாவூரில் நிலைத்த ஏமி கார்மைக்கேல், இந்த வண்ணங்களில் சிலவற்றைக் கொடியாகத் தைத்து அதைக் காட்டிப் பிரசங்கம் செய்தார்.

பெரியவர்களின் ஆராதனையில் கைதட்டலும் துள்ளலும் உரத்த துதியும் ஒரு சபையை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்கள். 1906இல் லாஸ் ஏஞ்சலிஸின் அசூசா தெருவில் எழுந்த பெந்தெகொஸ்தே எழுப்புதலிலிருந்து இன்றுவரை அவற்றைப் பற்றிச் சபைகளுக்குள்ளேயே சச்சரவு ஓய்ந்தபாடில்லை. சிறுவர் ஊழியத்தில் அந்தச் சச்சரவு கிடையாது. ஞாயிறு காலையில் கை தட்டாமல் நின்று கீர்த்தனை பாடும் சபையும், மாலையில் தன் பிள்ளைகளுக்குச் செய்கைப் பாடல்தான் கற்றுக்கொடுக்கிறது. குதூகலம் அங்கே இறையியல் நிலைப்பாடு அன்று, கற்பிக்கும் முறை. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு கோட்பாட்டை விளக்க முடியாது, ஆனால் அதைக் கையசைத்துப் பாட வைக்க முடியும். பாடிய சொல், பொருள் விளங்குவதற்கு முன்பே, நாவில் தங்கிவிடும். மில்ஃபோர்டு ஆவணங்களில் மேளமோ அந்நியபாஷையோ (ஆவியின் ஏவுதலாகக் கருதப்படும் அறியாத மொழிப் பேச்சு) இல்லை என்பதால் அங்கே உற்சாக வழிபாடு இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. பரிசு, பாட்டு, விளையாட்டு, கதை, அழைப்பு என்று ஏறிச் செல்லும் அந்த ஒழுங்கே ஒரு வழிபாட்டு முறைதான்.

அழைப்பு என்ற கடைசிப் படியைத்தான் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி டேவிட் சூட்டர் எடுத்துக் காட்டினார். மன்றத்தின் மாதிரிப் பாடங்கள், பிள்ளைகளை இரட்சிக்கப்பட்டவர், இரட்சிக்கப்படாதவர் என்று இரு வகையாகக் கருதின. முதல் வகையினர் கீழ்ப்படிவதற்கான பலத்தைத் தேவனிடம் கேட்கும்படி ஏவப்பட்டனர். இரண்டாம் வகையினர் இயேசுவை இரட்சகராக ஏற்றுக்கொள்ள அழைக்கப்பட்டனர். அந்த வாய்ப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தவறக் கூடாது என்று ஆசிரியருக்கு அறிவுறுத்தலும் இருந்தது. விண்ணப்பத்தில் குதூகல நேரம் என்று எழுதப்பட்டதற்கும் பாடப் புத்தகத்தில் இருந்ததற்கும் இடையிலான தூரம் சிறியதன்று.

தீர்ப்பு

முன்னுதாரணங்கள் இரு திசையிலும் இழுத்தன. இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பேன் நகரப் பள்ளிகளில், பெற்றோர் கையெழுத்திட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தில், பள்ளி வகுப்பறையிலேயே, வெளியாட்கள் வந்து மத வகுப்பு நடத்தியதை 1948இல் மெக்காலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்று செல்லாததாக்கியது. நான்கே ஆண்டுகளில், சோராக் வழக்கில், பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியே போய் அதே பாடத்தைக் கேட்டால் தடையில்லை என்றது. மறுபுறம், 1981இல் விட்மர் வழக்கு பல்கலைக்கழக மாணவர்களின் மதக் கூட்டங்களுக்கும், 1993இல் லாம்ஸ் சேப்பல் வழக்கு மாலையில் பள்ளியில் ஒரு சபை நடத்த விரும்பிய குடும்பநலத் திரைப்படக் காட்சிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டிருந்தன. மிசூரியில் இதே அமைப்பின் மன்றத்துக்கு எட்டாவது வட்டார நீதிமன்றம் (கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்று) 1994இல் இடமளித்திருக்க, மில்ஃபோர்டு மன்றத்தின் போதனை அடிப்படையிலேயே மதம் சார்ந்தது என்று சொல்லி இரண்டாவது வட்டார நீதிமன்றம் மறுத்தது. இந்த முரணைத் தீர்க்கத்தான் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். ஒழுக்கம், நற்குணம் என்ற பொருளைப் பற்றிப் பேசப் பள்ளி இடம் கொடுத்திருக்கிறது; சாரணர் அமைப்பும் அதையேதான் செய்கிறது; அடிப்படையிலேயே மதம் சார்ந்த ஒன்று ஒழுக்கப் போதனையாகவும் இருக்க முடியும்; ஆகவே இந்த மன்றத்தை மட்டும் விலக்குவது கண்ணோட்டத்தின் பேரில் காட்டும் பாகுபாடு என்பது அவர் வாதத்தின் சாரம். அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்ற அரசியலமைப்பு விதி மீறப்படுகிறது என்ற அச்சத்துக்கும் அவர் இடம் தரவில்லை. கூட்டம் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடக்கிறது, பள்ளி அதை நடத்துவதில்லை, பெற்றோரின் அனுமதி இன்றி எந்தப் பிள்ளையும் உள்ளே வர முடியாது. முடிவெடுப்பது பெற்றோர்தான், பிள்ளை அன்று. உடன்பட்டுத் தனிக் கருத்து எழுதிய நீதிபதி ஸ்காலியா, நாட்டுப்பற்றைப் பரப்புகிறவருக்கு உள்ள அதே சுதந்திரம் மதம் பரப்பும் போதகருக்கும் உண்டு என்றார். நீதிபதி பிரையர் மட்டும் முடிவில் உடன்பட்டு, ஒரு குழந்தையின் பார்வையில் இது பள்ளியின் ஆதரவாகத் தெரியுமா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை என்று தயங்கி நின்றார். அந்தத் தயக்கம் எனக்கு மதிப்புடையதாகப் படுகிறது.

தாமஸின் தீர்ப்பில் ஓர் அடிக்குறிப்பு உண்டு. மன்றத்தின் செயல்கள், ஒழுக்கப் போதனை ஏதுமற்ற வெறும் வழிபாடு அல்ல என்று அது சொல்கிறது. அந்த ஒரு வரியால், பாட்டும் ஜெபமும் விளையாட்டும் போதனையைச் சுற்றிய உறையாகிவிட்டன. சூட்டரோ அழைப்பை உள்ளடக்கமாக எடுத்துக்கொண்டார். பள்ளியை ஊர்க் கூட்டத்துக்குத் திறந்தால் தேவாலயமாகவும் யூத ஜெபாலயமாகவும் பள்ளிவாசலாகவும் பயன்படுத்தத் திறந்தாக வேண்டும் என்ற விசித்திரமான நிலைக்கு இத்தீர்ப்பு கொண்டுவிடும் என்று எச்சரித்தார். நீதிபதி ஸ்டீவன்ஸ், மத நோக்கில் ஒரு பொருளைப் பேசுவதற்கும் வழிபாட்டுக்கும் நடுவே மதமாற்றப் பேச்சு என்ற மூன்றாம் வகையை வைத்து, பிள்ளைகளுக்குள் கட்சி பிரியும் என்று கவலைப்பட்டார். மூவரும் சொல்லப்பட்டதைத்தான் எடை போட்டார்கள். எப்படிச் சொல்லப்பட்டது என்பதை, அதாவது பிள்ளையின் மேல் உண்மையில் வேலை செய்யும் பகுதியை, யாரும் கையில் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும் என்பது வேறு விஷயம். பிள்ளைகள் அளவுக்கு மீறி மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்ற காரணத்தால் ஒரு கூட்டத்தை எந்த நீதிமன்றமும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது.

நான்கு நிமிடம்

உள்ளே இருப்பதை அளக்க முடியாதபோது, சட்டம் வெளியே இருப்பவற்றை அளக்கும்: மணி, கதவு, கையெழுத்து. மில்ஃபோர்டில் பள்ளி விடும் நேரம் பிற்பகல் 2:56. மன்றத்தின் பாடம் 3:00 மணிக்குத் தொடங்க வேண்டும் என்பதற்காகச் செவ்வாய்க்கிழமைகளில் 2:30 முதலே இடம் கேட்கப்பட்டிருந்தது. மூன்றாம், நான்காம் வகுப்பு அறைகளுக்குப் பக்கத்து அறையில், உள்ளே இருப்பவர்கள் வெளியேறி அறை காலியாகும் வரை மன்றத்தை நடத்துபவர் காத்திருந்து தொடங்கினார். சூட்டர் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கூடவே இன்னொரு விவரத்தையும் சேர்த்தார்: இதே மன்றம் ஊர்த் தேவாலயத்தில் கூடியபோது வந்த பிள்ளைகள் 8 அல்லது 10 பேர், பள்ளிக்கு மாறியதும் எண்ணிக்கை மூன்று மடங்காயிற்று.

வழக்கின் மிக முக்கியமான தகவல் இதுதான் என்பேன். பாட்டு மாறவில்லை, மிட்டாய் மாறவில்லை, நடத்துபவரும் மாறவில்லை. இடமும் நேரமும் மட்டுமே மாறின. பள்ளியில் நடப்பது பெற்றோருக்கு வசதி, பிள்ளையைத் தனியே எங்கும் அழைத்துச் செல்ல வேண்டியதில்லை என்ற சாதாரண விளக்கமும் இதற்குப் போதும். வசதிக்காகப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில் குற்றமும் இல்லை. ஆனால் அந்த வசதி, சட்டப்படி கட்டாயமாக அங்கே கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் இன்னும் கட்டடத்துக்குள் இருப்பதிலிருந்து பிறக்கிறது. நடத்துபவர்கள் ஆசிரியர்கள் அல்லர், அறை வழக்கமான தொடக்க வகுப்பறை அன்று, வயது கலந்த பிள்ளைகள் ஒன்றாக உட்காருகிறார்கள், ஆகவே குழப்பம் வராது என்று தாமஸ் அடுக்கிய வேறுபாடுகள் ஒரு வழக்கறிஞரின் கண்ணுக்குத் தெரிபவை. ஆறு வயதுக் கண்ணுக்கும் தெரியுமா என்பதுதான் பிரையரின் சந்தேகம். 1948இல் ஷாம்பேன் நகரிலும் பெற்றோரின் கையெழுத்து இருந்தது என்பதையும் மறக்கலாகாது. அங்கே பள்ளி நேரத்துக்குள் நடந்தது, இங்கே நான்கு நிமிடம் கழித்து நடந்தது.

பின்விளைவுகள்

அடிக்குறிப்பில் விட்டுவைக்கப்பட்ட வழிபாடு என்ற கேள்வி நியூயார்க் நகரில் திரும்ப வந்தது. தி பிராங்க்ஸ் ஹவுஸ்ஹோல்டு ஆஃப் ஃபெய்த் என்ற சிறு சபை, பாட்டு, பிரசங்கம், திருவிருந்து, ஐக்கிய விருந்து எல்லாம் அடங்கிய ஞாயிறு ஆராதனையைப் பள்ளிக் கட்டடத்தில் நடத்த 1990களிலிருந்தே போராடிவந்தது. மில்ஃபோர்டு தீர்ப்பின் துணையால் 2002இல் அதற்கு இடம் கிடைத்தது. 2011இல் இரண்டாவது வட்டார நீதிமன்றம் ஒரு நுட்பமான பிரிவினை செய்தது: ஜெபமும் பாட்டும் போதனையும் தனித்தனியே அனுமதிக்கப்பட வேண்டியவை, ஆனால் அவை ஒன்றுசேர்ந்த ஆராதனை என்ற நிகழ்ச்சியை நகரம் விலக்கலாம். கீழ் நீதிமன்றம் 2012இல் மீண்டும் சபைக்குச் சாதகமாகத் தடையாணை வழங்க, 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் புரட்டியது. 2015இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. இத்தனைக்கும் பிறகு, மேயர் பில் டி பிளாசியோவின் நிர்வாகம் சபைகளைத் தொடர்ந்து கூட விட்டுவிட்டதால், வென்ற விதியைப் பயன்படுத்துவார் இல்லாமல் போயிற்று. பகுதிகள் எல்லாம் பேச்சு, முழுமை மட்டும் வழிபாடு என்ற இந்தக் கணக்கை மில்ஃபோர்டின் மன்றத்துக்குப் போட்டுப் பார்த்தால், அது எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மற்றவை வேகமாக நடந்தன. 2004இல் நியூ ஜெர்சி வழக்கு ஒன்றில், அப்போது மேல்முறையீட்டு நீதிபதியாக இருந்த சாமுவேல் அலிட்டோ, மற்ற அமைப்புகளின் துண்டறிக்கைகளைப் பிள்ளைகள் வழியே வீட்டுக்கு அனுப்பும் பள்ளி இம்மன்றத்தின் அறிக்கைகளை மட்டும் மறுக்க முடியாது என்று எழுதினார். அதே ஆண்டு தெற்கு டகோட்டாவில், தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் வேலை நேரம் முடிந்தபின் இம்மன்றக் கூட்டத்தில் கலந்துகொள்ள எட்டாவது வட்டார நீதிமன்றம் இடமளித்தது. நடத்துபவர்கள் ஆசிரியர்கள் அல்லர் என்று மில்ஃபோர்டில் சொன்ன பாதுகாப்பு இதனால் கொஞ்சம் கரைந்தது. 2016 முதல், சாத்தானை ஒரு குறியீடாக மட்டுமே கருதுவதாகச் சொல்லும் சாத்தானிக் டெம்பிள் என்ற அமைப்பு, குட் நியூஸ் கிளப் நடக்கும் பள்ளிகளைத் தேடித் தன் பெயரில் ஒரு மாலை மன்றத்தைத் தொடங்கியது. பென்சில்வேனியாவின் சாக்கன் வேலி பள்ளி மாவட்டம் இந்தச் சாத்தானிய மன்றத்துக்கு முதலில் கொடுத்த அனுமதியை மிரட்டலுக்குப் பின் திரும்பப் பெற்றபோது, 2023 மே மாதம் நீதிமன்றம் அம்மன்றத்தின் பக்கம் நின்றது. மாவட்டம் அதே ஆண்டு 2,00,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. மில்ஃபோர்டு தீர்ப்பைக் கொண்டாடியவர்களில் பலருக்கு இது கசந்தது. ஆனால் தீர்ப்பின் நேர்மையான தொடர்ச்சி இதுதான். கதவை எல்லோருக்கும் திறக்கலாம், அல்லது எல்லோருக்கும் மூடலாம். நடுவில் நின்று தேர்ந்தெடுக்க முடியாது.

ஓஹையோவில் 2018இல் தொடங்கப்பட்ட லைஃப்வைஸ் அகாடமி, சோராக் வழக்கின் பழைய வழியைப் புதுப்பித்து, பள்ளி நேரத்திலேயே பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று வேதாகம வகுப்பு நடத்துகிறது; இத்தகைய வகுப்புகளுக்கு இடமளிக்கும் கொள்கையை ஒவ்வொரு மாவட்டமும் வகுத்தாக வேண்டும் என்று அம்மாநிலம் 2025 ஜனவரியில் சட்டமும் செய்துவிட்டது. அங்கே நான்கு நிமிட இடைவெளியும் தேவைப்படாது, கட்டடத்தை விட்டு வெளியேறினால் போதும்.

இத்தனை மாற்றங்களிலும் அசையாமல் நிற்பது பெற்றோரின் அனுமதி. இந்திய அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது: அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில் பயிலும் எவரையும், அவருடைய சம்மதம் இன்றி, சிறுவராயின் காப்பாளரின் சம்மதம் இன்றி, மதப் போதனையிலோ மத வழிபாட்டிலோ பங்கேற்கும்படி கட்டாயப்படுத்த முடியாது. போதனையையும் வழிபாட்டையும் ஒரே வரியில் சேர்த்துச் சொல்லிவிட்டதால், இரண்டையும் பிரிக்கும் அமெரிக்கச் சிக்கல் அந்தப் பிரிவுக்கு எழுவதில்லை. ஆனால் சம்மதம் எதற்கு என்ற கேள்வி இரண்டு நாடுகளிலும் எழும். மில்ஃபோர்டு தீர்ப்பு முழுவதும் பெற்றோரின் கையெழுத்தின்மேல் நிற்கிறது. அந்தக் கையெழுத்து எந்த வாசகத்தின் கீழ் விழ வேண்டும் என்பதை அது கேட்கவேயில்லை. பாட்டு, கதை, மனன வசனம் என்று விண்ணப்பத்தில் இருந்த வரியின் கீழ் கையெழுத்திட்ட ஒரு தாய், கூட்டத்தின் முடிவில் தன் ஆறு வயது மகளிடம் நீ இன்னும் இரட்சிக்கப்படவில்லையா என்று கேட்கப்படும் என்பதையும் அறிந்துதான் கையெழுத்திட்டாரா என்பதைத் தெரிந்துகொள்ள, பாடப் புத்தகத்தின் அந்த அழைப்புப் பக்கமும் அனுமதிச் சீட்டோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.